மரக்கூடு மூச்சு விடும்

ஒரு மொழிபெயர்ப்பை மூலத்தோடு பக்கத்தில் வைத்து, வரிவரியாக ஒப்பிட்டுப் படிக்கிற வாசகரை நான் இதற்கு முன் சந்தித்ததில்லை. அதற்காக முதலில் உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். தேத்தண்ணீரைக் குடியுங்கள். சீனி குறைவாகப் போடச் சொன்னேன்; கனடாவிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

ஏழாம் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறீர்கள். கோழிக்கூட்டோடு வந்த ஆங்கிலக் கைந்நூலில், "பனி கொட்டும் காலத்தில் நான்கு காற்றுத் தட்டுகளையும் மூடுங்கள், வெயில் காலத்தில் ஒருபோதும் மூடாதீர்கள்" என்று இருக்கிறது. என் தமிழில், "வெயில் ஏறும் நேரத்தில் அனல் உட்புகாதபடி நான்கு காற்றுத் தட்டுகளையும் மூடி வைக்கவும்" என்று இருக்கிறது. இது அவசரத்தில் வந்த பிழைதானே தம்பி என்று மிகவும் அன்பாகக் கேட்டீர்கள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் இந்த விசாரணை இன்றோடு முடியும். நீங்களும் பின்னேர ரயிலைப் பிடிக்கலாம். ஆனால் என்னால் அப்படிச் சொல்ல முடியாது. என் ஆங்கிலம் அவ்வளவு மோசமில்லை.

கோப்பாயில் எங்கள் சனசமூக நிலையத்தின் நூலகப் பொறுப்பாளர் நான். நூலகம் என்றால் இரண்டு அலுமாரிகள். ஒன்றில் பழைய ஆண்டு மலர்கள், மற்றதில் நான் சேர்த்த மொழிபெயர்ப்பு நாவல்கள். முழங்கால் வரை பனியில் நடந்து போய்த் தபால் கொடுக்கிறவர்களையும், மரவீட்டின் யன்னல் ஓரம் கடிதத்துக்குக் காத்திருக்கிறவர்களையும் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். பனி என்றால் என்னவென்று அறியாமல் நான் அந்த வரியை மொழிபெயர்க்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சென்ற வருடம் கனடாவிலுள்ள உங்கள் ஒன்றியம் எங்கள் ஊரில் பன்னிரண்டு குடும்பங்களுக்குக் கோழியும் கூடும் தருவதாக அறிவித்தது. பிளாஸ்டிக் கூடா, மரக்கூடா என்று எங்களிடமே கேட்டது. வேறு ஊர் என்றால் கால்நடை வைத்தியரைக் கேட்டிருப்பார்கள். நாங்கள் பட்டிமன்றம் வைத்தோம். ஒலிபெருக்கி கட்டினோம். நமசிவாயம் மாஸ்டர் நடுவர். கோழி வளர்க்கிற யாரையும் மேடைக்கு அழைக்கவில்லை. அவர்களுக்குப் பேச வராது.

பிளாஸ்டிக் அணியில் நிருஷன். சந்தியில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறவன். இரண்டு நிமிடம்தான் பேசினான்.

"மரத்திலை செள்ளுப் பூச்சி பிடிக்கும், கறையான் பிடிக்கும். பிளாஸ்ரிக்கைத் தண்ணியடிச்சுக் கழுவிப்போட்டு வெயிலிலை விட்டாச் சரி. உதுக்கு ஏனப்பா ஒரு பட்டிமன்றம்? நான் கடையைப் பூட்டிப்போட்டு வந்து நிக்கிறன்."

கை தட்டினார்கள். ஒலிபெருக்கிக்காரரும் தட்டினார்.

நான் மர அணி. பதினொரு நிமிடம் பேசினேன். காட்டில் தொடங்கி, தொட்டிலுக்கு வந்து, வள்ளத்தில் ஏறி, கடைசியில் கோழிக்கூட்டில் இறங்கினேன். "பிளாஸ்டிக் மூச்சை அடைக்கும். மரம் மூச்சு விடும்" என்று முடித்து, கைதட்டலுக்காக நிறுத்தினேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "அப்ப மூக்கு எங்கை கிடக்குத் தம்பி?"

சபை சிரித்தது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டும் இரு கண்கள் என்று தீர்ப்புச் சொன்னார். கோழிக்கூட்டில் கண்ணும் மூக்கும் சேர்ந்ததும் சபை மறுபடி சிரித்தது. அடுத்த இரண்டு கிழமை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள். இதெல்லாம் பின்னால் நடந்தவற்றோடு சம்பந்தமில்லாதவை. ஒழுங்குக்காகச் சொல்கிறேன்.

தீர்ப்பு இரு கண்களாகிவிட்டதால் ஒன்றியம் ஒரு பரிசோதனை கேட்டது. ஒரே வீட்டு வளவில் இரண்டு கூடுகள், கூட்டுக்குப் பத்துக் கோழி, மூன்று மாதம். பிளாஸ்டிக் கூட்டை நீங்கள் கப்பலில் அனுப்பினீர்கள். இரட்டைச் சுவர், சூடு வெளியே போகாது, கனடாக் கோழி குளிரில் விறைக்காமல் இருப்பதற்காகச் செய்தது. மரக்கூட்டை உரும்பிராயில் ஒரு தச்சர் வேப்பம் பலகையில் அடித்துத் தந்தார். யாருடைய வளவு என்று கேட்டபோது குணலட்சுமி அக்காவின் பெயரைக் கொடுத்தவன் நான்தான்.

ஏன் அவர் என்று உங்கள் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். கணவர் இல்லை. ஒன்பது வயதில் சாருஜா என்று ஒரு மகள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போவதற்காகக் கடவுச்சீட்டை முகவரிடம் கொடுத்திருந்தார். அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் நான்தான், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். பரிசோதனை ஒழுங்காக முடிந்தால் இருபது கோழியும் பராமரித்தவருக்கே என்று ஒன்றியம் சொல்லியிருந்தது.

"இருவது கோழி நிண்டா நான் பிள்ளையை விட்டிட்டுப் போகத் தேவையில்லைத் தம்பி" என்றார். இவ்வளவு தேவை உள்ளவர் மற்றவர்களைவிடக் கவனமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். கவனமாகத்தான் பார்த்தார்.

கைந்நூலை நான் இரண்டு நாளில் மொழிபெயர்த்தேன். ஏழாம் பக்கத்துக்கு மட்டும் ஒரு நாள். பனியே கொட்டாத ஊரில் பனி கொட்டும் காலத்தை என்ன செய்வது? மூலத்துக்கு விசுவாசமாக இருப்பதா, மண்ணுக்கு விசுவாசமாக இருப்பதா? மொழிபெயர்ப்பு நாவல்களின் முன்னுரைகளில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குக் குளிர் எதிரி, எங்களுக்கு வெயில் எதிரி. எதிரியை மாற்றினேன். அந்த வசனம் தமிழில் மிக இயல்பாக வந்தது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

தட்டச்சு செய்து, லமினேற் பண்ணிக் கொடுத்தேன். குணலட்சுமி அக்கா அதைப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டி, நான்கு மூலையிலும் சந்தனப் பொட்டு வைத்தார். என் எழுத்துக்கு அப்படி ஒரு வரவேற்பு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் இல்லை.

தினமும் வெயில் ஏறப் பிளாஸ்டிக் கூட்டின் நான்கு தட்டையும் மூடினார், பின்னேரம் திறந்தார். பகலில் கோழிகள் வளவில் மேய்ந்ததால் வெறுங்கூட்டை மூடியதில் யாருக்கும் தீங்கில்லை. ஒருநாள் மட்டும் கேட்டார்.

"தம்பி, நான் கையை விட்டுப் பாத்தனான். தட்டை மூடினா உள்ளுக்கை அவிச்சல் தாங்கேலாமல் கிடக்கு. மெய்யாத்தான் மூடச் சொல்லிக் கிடக்கோ?"

"அக்கா எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள்?"

"எட்டு."

"அப்ப தமிழ் வாசிப்பீங்கள்தானே."

அவர் முகம் சிவந்துபோனது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. எங்கள் ஊரில் கையை விட்டுப் பார்த்ததை எழுத்தில் இருப்பதற்கு எதிராகச் சொல்ல ஒருவருக்கும் துணிவு வராது. அது எங்கள் கல்விப் பாரம்பரியம்.

பரிசோதனை தொடங்கி ஆறாம் கிழமை நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பிளாஸ்டிக் கூட்டுக் கோழிகள் நாளுக்கு எட்டு முட்டை இட்டன. மரக்கூட்டில் ஐந்து, சில நாள் நான்கு. பலகை இடுக்குகளில் செள்ளுப் பிடித்துவிட்டது. அக்கா வேப்பெண்ணெய் பூசினார், சாம்பல் தூவினார். செள்ளுப் போகவில்லை. கழுத்து மயிர் உதிர்ந்த கோழிகள் கூட்டுக்குள் போக மறுத்து மதிலில் ஏறி நின்றன.

சந்தியில் நிருஷன் கடைக்கு உள்ளிருந்தபடியே கேட்டான். "என்ன மச்சான், மரம் தும்முதாமே?"

உண்மை என்பது முட்டைக் கணக்கல்ல. பதினொரு நிமிடம் ஒரு கருத்தை மனதாரச் சொன்ன ஒருவன், கோழிகளுக்கு அது விளங்கவில்லை என்பதற்காக அதைக் கைவிடலாமா?

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்துத் தோட்டக்காரர் சீவரத்தினம் அண்ணை வேலிப் படலையடியில் வந்து நின்றார். நானும் அங்கே நின்றேன்.

"பிள்ளை, நாளைக்கு வெங்காயத்துக்கு மருந்தடிக்கிறன். பொழுதுபடுமட்டும் கோழியளைத் திறந்து விட்டிடாதை. பிறகு என்னோடை சண்டைக்கு வரக்கூடாது."

"நாளைக்கோ அண்ணை? நாளைக்குச் சாருஜாவுக்கு ஓட்டப்போட்டி. நான் விடிய வெளிக்கிட்டிடுவன்."

"நான் வந்து இருக்கிறன் அக்கா" என்றேன். "எனக்கு வாசிக்கிறதுக்கு ஒரு புத்தகமும் கிடக்கு."

அக்கா கும்பிடாத குறை.

மறுநாள் ஒன்பது மணிக்குப் போனேன். முருங்கையின் கீழ் இரண்டு கூடுகளும் இருந்தன. முருங்கை நிழல் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். இருபது கோழிகளும் உள்ளே. மரக்கூட்டுக்கு முன்பக்கம் முழுவதும் கம்பிவலை. பிளாஸ்டிக் கூட்டின் நான்கு தட்டுகளும்...

இங்கே கொஞ்சம் பொறுங்கள். பென்சிலை வையுங்கள். என் மொழிபெயர்ப்பால்தான் அந்தக் கோழிகள் செத்தன என்று நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது தெரிகிறது. அது சரியல்ல. ஒரு பிரதிக்கு அவ்வளவு சக்தி இருந்தால் நல்லதுதான், ஆனால் இல்லை. நான்கு தட்டுகளும் திறந்திருந்தன. சந்தனப் பொட்டு வைத்த தாளை மீறி, கை சொன்னதைக் கேட்டு, அக்கா அவற்றைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நான் மூடினேன். ஒவ்வொன்றாக, நான்கையும். இலேசாகத் தள்ளினால் போதும். கனடாக்காரர் வேலை சுத்தம்.

பிறகு கதிரையை வேலியோரம் போட்டு வாசித்தேன். ஒரு குடும்பம் பனிப்புயலில் வண்டியோடு சிக்கிக்கொள்கிற அத்தியாயம். முதலில் கொக்கரித்தார்கள். பதினொன்றரை போலச் சிறகுகள் சுவரில் அடிபடுகிற சத்தம். அதற்குப் பிறகு ஒரு மாதிரி விசில் போன்ற சத்தம், வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறபோது வருவது. மரக்கூட்டுக்காரர் பத்துப் பேரும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தியாயம் முடியுமுன் சத்தம் நின்றுவிட்டது. நான் அத்தியாயத்தை முடித்தேன். பிறகு எழுந்து நான்கு தட்டுகளையும் பழையபடி திறந்து வைத்தேன். இருந்ததை இருந்தபடி விட்டுப் போவதுதான் ஒழுங்கு.

இரண்டு மணிக்குச் சாருஜா முதலில் ஓடி வந்தாள். இரண்டாம் இடம். சான்றிதழைக் கோழிகளுக்குக் காட்டவேண்டும் என்று நேரே கூட்டுக்குப் போனாள்.

அக்கா பத்தையும் வெளியே எடுத்து முருங்கையடியில் வரிசையாக வைத்தார். அழவில்லை. நான்கு தட்டுகளையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தான் தம்பி திறந்து விட்டனான். நீர் அவ்வளவு வடிவா எழுதித் தந்திருந்தீர். அனல் உள்ளுக்கை போயிட்டுது. எனக்கு ஏன் அந்தப் புத்தி போச்சுது?"

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். "பரவாயில்லை அக்கா, எல்லாரும் பிழை விடுறதுதான்" என்று சொன்னேன். அதைவிட ஆறுதலாக ஒன்றும் தோன்றவில்லை.

என் அறிக்கையை நீங்கள் வாசித்திருக்கிறீர்கள். "பராமரிப்பாளர் எழுத்து மூல அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை, பிளாஸ்டிக் கூடு நம் காலநிலையில் மூச்சுத் திணறலை ஏற்படுத்துகிறது." இரண்டுமே உண்மை. ஒன்றியம் மரக்கூட்டைத் தெரிவு செய்தது. குணலட்சுமி அக்காவின் பெயரை நீங்கள்தான் பட்டியலிலிருந்து வெட்டினீர்கள். மிஞ்சிய பத்துக் கோழிகள் அடுத்த பெயருக்குப் போயின. ஆவணியில் அவர் குவைத்துக்குப் போனார். விமான நிலைய வான் வண்டி வரும்வரை பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். சாருஜா இப்போது இணுவிலில் சித்தி வீட்டில். ஓடுவதை விட்டுவிட்டாள் என்று சொல்கிறார்கள்.

பன்னிரண்டு மரக்கூடுகளில் ஒன்பதில் செள்ளு. இரண்டைக் கறையான் தின்றுவிட்டது. அது பராமரிப்புச் சம்பந்தமான வேறு பிரச்சினை.

போன மாதம் அக்கா குவைத்திலிருந்து குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். விரும்பினால் போட்டுக் காட்டுகிறேன். "இஞ்சை எல்லாம் எழுதி ஒட்டியிருக்கினம் தம்பி. எந்த நேரம் யன்னல் பூட்டுறது, எந்த நேரம் திறக்கிறது எண்டு. நான் இப்ப எழுதிக் கிடக்கிறபடிதான் எல்லாம் செய்யிறன். பட்டபாடு போதும்." அவ்வளவுதான். குரல் கொஞ்சம் அடைத்திருந்தது. அங்கே எல்லா அறையிலும் குளிரூட்டி.

ஆகவே பிழை என்று எழுதாதீர்கள். ஏழாம் பக்கத்தை நான் தெரிந்தே மாற்றினேன். தட்டுகளை நான்தான் மூடினேன். ஆனால் உங்கள் கடைசிக் கேள்வியை, இதற்குப் பின்னால் ஏதாவது தனிப்பட்ட கோபம் இருந்ததா என்பதை, நான் மறுக்கவேண்டியிருக்கிறது. இது முழுக்க முழுக்க ஒரு கருத்து வேறுபாடு. பட்டிமன்றத்தில் மூக்கைப் பற்றிக் கேட்டது யார் என்றுகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். கடைசிக்கு முதல் வரிசை, தூணுக்கு இடப்பக்கம் மூன்றாவது கதிரை, பச்சைச் சேலை, மடியில் சாருஜா.