குட்டைக்கால் இன்ஜின்

எங்கள் சுப்பீரியர் ஏரிக்கரையில், படகு வாங்கப் போகிறவனுக்கு யோசனை சொல்லாமலிருப்பது மரியாதைக் குறைவு. நானும் சொன்னேன். அவ்வளவுதான் இன்ஸ்பெக்டர் ஐயா நடந்தது.

இறந்துபோன டுவேன் என் தங்கை மாரிட்டின் கணவர். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற மாதிரி சின்னப் பாய்மரப் படகு வேண்டும் என்றார். தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்தான். அருமையான படகு, அந்த விஷயத்தில் எனக்கு மனசாட்சி உண்டு.

மனஸ்தாபம் ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். போன கோடையில் காற்று அடங்கி, என் படகு துறைமுகத்துக்கு வெளியே நின்றுவிட்டது. நான் இன்ஜின் வைத்துக்கொள்வதில்லை. காற்றுக்குக் காத்திருப்பதுதான் பாய்மரக்காரனுக்கு அழகு. டுவேன் யாருடைய மோட்டார் படகிலோ பக்கத்தில் வந்தார்.

"என்ன மச்சான், துணி காயப் போட்டிருக்கீங்களா? கயிறு போடட்டுமா?"

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கூடியிருந்த எங்கள் படகு கிளப் முழுக்கப் பார்க்க, என்னை இழுத்து வந்தார். மாரிட்கூடச் சிரித்தாள்.

படகின் பின்னால் மாட்டும் இன்ஜினில், விசிறியைத் தண்ணீருக்குள் இறக்கும் தண்டுதான் கால். பாய்மரப் படகுக்கு நெட்டைக்கால் இன்ஜின்தான் சரி. குட்டைக்கால் இன்ஜின் அமைதியான தண்ணீரில் ஒழுங்காக ஓடும். அலையில் படகின் பின்புறம் தூக்கினால் விசிறி வெறும் காற்றில் சுற்றும்.

"எது வாங்கலாம் மச்சான்?" இந்த வருஷம் படகுக்கு இன்ஜின் வாங்கும்போது டுவேன் கேட்டார்.

"குட்டையே போதும். கனம் கம்மி, உங்க முதுகுக்கு நல்லது."

"நீங்க இல்லேன்னா கடைக்காரன் என் தலையில மொளகா அரைச்சிருப்பான்."

டுவேன் பாய் ஏற்றக் கற்றுக்கொள்ளவில்லை. "அதான் இன்ஜின் இருக்கே" என்றார். வளர்ந்த மனிதரின் முடிவில் நான் தலையிடுவதில்லை.

அவர் தனியாகப் படகெடுத்துப் போன அன்று பலத்த வடகிழக்குக் காற்று. ஒவ்வோர் அலைக்கும் அந்த இன்ஜின் அலறியது கிளப் ஜன்னல்வரை கேட்டது. செயலாளர் லைல் மீட்புப் படகின் சாவியை எடுத்தான்.

"ஆர்விட், போய்ப் பாக்கட்டுமா? உன் தங்கச்சி வீட்டுக்காரராச்சே."

"உக்காருப்பா. இழுத்துட்டு வந்தா அவருக்குத்தான் அவமானம். இன்ஜின் இருக்கு, வந்துடுவாரு."

நான் பார்த்துக் கொடுத்த இன்ஜின் என்பதால் எல்லாரும் நம்பினார்கள். லைல் பொரித்த மீனுக்குத் திரும்பினான். இன்ஜினைத் தண்ணீருக்குள் அழுத்தப் பின்பக்கம் சாய்ந்த டுவேன், அடுத்த அலையில் அங்கே இல்லை.

ஆமாம், தெரிந்துதான் சொன்னேன். தெரிந்துதான் லைலை உட்காரவைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

படகு கீறலில்லாமல் மணலில் ஒதுங்கியது. மாரிட் அதை விற்கப் போகிறாளாம். என்னைக் கேட்காமல் விற்க வேண்டாமென்று அவளிடம் சொல்லுங்கள் ஐயா. துக்கத்தில் இருக்கிறவள், யாராவது ஏமாற்றிவிடுவார்கள்.