கட்டிய நேரம்

நர்ஸ்: கட்டு போட்டது எத்தனை மணிக்குன்னு கேட்டேன் சார். எப்படின்னு கேக்கலை.

அதிகாரி: அதுக்குத்தான் வரேன் சிஸ்டர். எங்க கண்ணாடிப் பட்டறைக்கு நான்தான் பாதுகாப்பு அதிகாரி. ரத்தம் பீய்ச்சி அடிச்சா என்ன செய்யணும்னு போன வாரம்தான் ரெண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தேன்.

கண்ணாடிக்காரர்: ரெண்டே கால் மணி நேரம் சார், அந்த வகுப்பு.

அதிகாரி: நீ பேசாதப்பா. கை வெட்டுப்பட்டவன் தெம்பைச் சேத்து வைக்கணும்.

நர்ஸ்: அந்த ஹெல்மெட்டைக் கழட்டுங்க. இது ஆஸ்பத்திரி.

அதிகாரி: பாதுகாப்புக்கு லீவு கிடையாது சிஸ்டர்.

நர்ஸ்: அண்ணா, விரல் அசையுதா?

கண்ணாடிக்காரர்: மரத்துப் போச்சும்மா. அடுத்த வீட்டுக்காரன் கை மாதிரி இருக்கு.

நர்ஸ்: இறுக்கினா அப்படித்தான். இறுக்கலைன்னா வழியிலேயே போயிருப்பீங்க. வெட்டுக்கு மேல, முழங்கையைத் தாண்டி... சரியான இடம். கட்டினது யாரு?

அதிகாரி: எல்லாம் முறைப்படி நடந்தது.

நர்ஸ்: யாருன்னு...

அதிகாரி: பட்டறையில இந்த வித்தை தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அதை நானே என் வாயால சொல்லக் கூடாது.

கண்ணாடிக்காரர்: சொல்லாதீங்க சார்.

நர்ஸ்: இது டை மாதிரி இருக்கே?

அதிகாரி: என்னோடது. அசல் பட்டு. ஒரு உயிருக்கு முன்னாடி பட்டு எம்மாத்திரம்!

கண்ணாடிக்காரர்: சார் கழுத்துலேர்ந்துதான் உருவினது.

நர்ஸ்: முறுக்கறதுக்கு ஸ்பேனர், சரி. டையில ஏன் பல் தடம்?

அதிகாரி: ஆபத்துல... பல்லும் ஒரு கருவி.

நர்ஸ்: இதுக்குன்னே பட்டை விக்குதே, பட்டறையில வாங்கி வைக்கலையா?

அதிகாரி: வாங்காம? எட்டு இருக்கு. அலமாரியில பூட்டி, சாவியை என் பாக்கெட்டுலயே வச்சிருக்கேன். ஒண்ணு கூட இதுவரைக்கும் தொலைஞ்சதில்லை.

நர்ஸ்: அதுல ஒண்ணை எடுத்திருக்கலாமே?

கண்ணாடிக்காரர்: சாவி அடியில மாட்டிக்கிச்சும்மா.

நர்ஸ்: எதுக்கு அடியில?

அதிகாரி: சிஸ்டர், நீங்க நேரம் கேட்டீங்க! பத்து நாப்பது.

நர்ஸ்: நிச்சயமா?

அதிகாரி: கண்ணைத் திறந்ததும்... அதாவது, நானே கடிகாரத்தைப் பார்த்தேன்.

நர்ஸ்: இப்போ பன்னெண்டு அஞ்சு. கட்டி ரெண்டு மணி நேரம் தாண்டினா கைக்கே ஆபத்து. பன்னெண்டு நாப்பது வரைக்கும் நேரம் இருக்குன்னா, பெரிய டாக்டர் உள்ள இருக்கற கேஸை முடிச்சிட்டே வரட்டும். பத்து நாப்பதுன்னு எழுதிடறேன்.

கண்ணாடிக்காரர்: எழுதாதம்மா.

அதிகாரி: ஏன்ப்பா... வண்டியில என்ன பேசினோம்?

கண்ணாடிக்காரர்: பேசினோம் சார். சாயங்காலம் எனக்குப் பாதுகாப்புக் கேடயம் தராங்க, மானத்தைக் காப்பாத்துன்னீங்க. சரின்னுட்டேன். ஆனா இது கண்ணாடியைப் பிடிக்கிற கை. கேடயத்துக்காக இதைக் குடுக்க முடியாது.

நர்ஸ்: அப்போ எத்தனை மணி அண்ணா? சீக்கிரம்!

கண்ணாடிக்காரர்: ஞாபகம் இல்லம்மா, தலை சுத்திச்சு. ஆனா கட்டின கையோட எழுதி வச்சிட்டேன்.

அதிகாரி: எழுதினியா? எங்க?

கண்ணாடிக்காரர்: நீங்க சொல்லிக் குடுத்த இடத்துலதான். சார், அந்த ஹெல்மெட்டைக் கொஞ்சம்...

அதிகாரி: ஹெல்மெட்டுக்கும் இதுக்கும் என்ன...

நர்ஸ்: கழட்டுங்க சார்!... பத்து இருபது! ஐயோ, பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு! யாராவது பெரிய டாக்டரை உடனே வரச் சொல்லுங்க!

அதிகாரி: என்ன... என் நெத்தியில என்ன?

கண்ணாடிக்காரர்: ‘நேரத்தை நெத்தியில எழுது, அழியாத மையில எழுது’ன்னு வகுப்புல சொன்னீங்களே சார். மத்தவங்க எல்லாம் உங்க கேடயத்துக்கு மேடை போடப் போயிட்டாங்க. ஒத்தக் கையாலயும் பல்லாலயும் நானே கட்டி முடிச்சேன். என் நெத்தி என் கண்ணுக்குத் தெரியலை. ரத்தத்தைப் பார்த்து நீங்க மூணாவது தடவையா மயங்கி, பக்கத்துலயே சாவி மேல கெடந்தீங்க... பெரிய நெத்தி, ஆடாம அசையாம இருந்துச்சு. எழுதிட்டு, கலைஞ்சிடக் கூடாதேன்னு ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டேன்.