ஏசி அறையில் தூசி

"ஏசி ரூம்ல உக்காந்திருக்கேன்னா டாக்டர் நம்ப மாட்டேங்கறாரு. இது தூசியில நிக்கிறவங்களுக்கு வர்ற இளைப்பும்மாங்கறாரு."

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். அவள் மடியில் எக்ஸ்ரே கவர். அரியலூர் சிமெண்ட் ஆலை ஒன்றின் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. பக்கத்தில் நின்றவன் அதே ஆலையின் எலக்ட்ரீஷியன்.

"செருப்பக்கூட வெளியில விட்டுட்டுதான் உள்ள போறோம். அப்பறம் தூசி எங்கேர்ந்து வரும்?"

அவன் கம்பியைக் கை மாற்றிப் பிடித்தான்.

"அக்கா, அந்த ஏசி வெளிக்காத்தையும் இழுக்குது. தூசியைப் பிடிக்க அதுக்குள்ள ஃபில்டர்னு ஒரு வலை இருக்கும். நம்ம ஆலைத் தூசிக்கு வாராவாரம் அடைச்சுக்குது. ரூம் சூடானா கம்ப்யூட்டர் நின்னுடும்னு மேனேஜர் கத்தறாரு. அதைக் கழட்டி வச்சுட்டேன்."

"எப்ப?"

"பொங்கலுக்கு முன்னாடி."

"எனக்கு மாசியில ஆரம்பிச்சுது."

முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று புழுதி கிளப்பியது. எல்லோரும் ஷட்டரை இறக்கினார்கள். அவள் இறக்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. வேலை போயிடும்."

"நான் ஏன் சொல்றேன். நாளையிலேர்ந்து எனக்கு ஒரு மாசம் லீவு. என் சீட்டுல உன் தங்கச்சிதானே உக்காரப்போவுது?"

 பெரம்பலூருக்கு டிக்கெட் எடுத்தவன், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, ரோட்டைக் கடந்து, அரியலூர் பஸ்ஸுக்குக் கை காட்டினான்.