மூட்டை போனாலும் முகவரி மாறாத மடல்

ஏலமும் கராம்பும் சாதிக்காயும் ஏறி இறங்கும் எழில் மாத்தளை மண்ணில், மிளகு மணக்கும் எங்கள் ஏற்றுமதி நிறுவனத்தின் நிர்வாக முகாமையாளராய் நெடுங்காலம் நிமிர்ந்து நின்று, நாளை முதல் ஓய்வு காணவிருக்கும் எங்கள் பெருமதிப்புக்குரிய முனவ்வரா மிஸ் அவர்களே!

கேள்விகள் வற்றாத கேணியே! கையொப்பத்துக்கு முன் காரணம் கேட்கும் கருத்தே! "ஏன்?" என்ற ஒற்றைச் சொல்லால் எங்கள் காலைக் கூட்டங்களைக் கலகலக்கவும் கலங்கவும் வைத்த கனிவே! அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

பண்பில் பாலென்றும் பணியில் பாறையென்றும் பாடிவிட்டு, பொன்னாடையைப் போர்த்திவிட்டு, நாங்கள் சாப்பாட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்த வரி முடியுமுன்னே "எந்தப் பாறை? ஏன் பாறை?" என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகவே இந்த ஒரு தடவை உங்களைப் பார்த்துப் பேசுவதைச் சற்றே நிறுத்தி, சபையைப் பார்த்து ஒரு கதையைச் சொல்லப்போகிறோம். மாலை உங்கள் கழுத்தில். மைக் எங்கள் கையில். குறுக்கே கேள்வி கேட்க இன்று வழியில்லை. பொறுத்தருள்க!

சபையோரே! எங்கள் நிறுவனம் லக்கலப் பக்கத்து விவசாயிகளிடம் மிளகு வாங்கி, உக்குவளைக் களஞ்சியத்தில் இறக்கி, மாத்தளைக்குக் கொண்டுவந்து தரம் பிரித்துக் கடல் கடந்து அனுப்புவதை நீங்கள் அறிவீர்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் கொடியின் படம், மிளகு காய்ந்த களத்தின் படம், பரிசோதனை அறிக்கை என்று கணினியில் ஒரு ஃபோல்டர் உண்டு. பொதியில் ஒட்டிய சதுரக் குறியைக் கைபேசியால் பிடித்தால், எங்கோ ஒரு குளிர்நாட்டுச் சமையலறையில் நிற்பவருக்கு லக்கலத் தோட்டம் தெரியும். அதைக் காட்டித்தான் எங்கள் மிளகுக்கு இயற்கை விளைச்சல் என்ற நற்பெயர்.

சென்ற வருடம் ஒரு நாள் அந்தக் குறிகள் வாய் மூடிக்கொண்டன. குறியைப் பிடித்தால் தோட்டம் வரவில்லை, "பக்கம் கிடைக்கவில்லை" என்றுதான் வருகிறது என்று ஜேர்மன் கொள்வனவாளர் முறையிட்டார். தேடிப் பார்த்தபோது, உக்குவளை ஃபோல்டரில் இருக்கவேண்டிய படங்கள் மாத்தளை ஃபோல்டரில் சுகமாகக் குடியிருந்தன. குடியேற்றியவர் எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் பழனிமுத்து. கவனக்குறைவு, வேலையை விட்டு நிறுத்துங்கள் என்று தலைமை அலுவலகம் துள்ளியது. விசாரணை முனவ்வரா மிஸ்ஸிடம் வந்தது. அந்த ஃபோல்டர்கள் இருந்த பகிர்வுக் கணினியும் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததால், இனித் தரவுகளை எங்கே வைப்பது என்ற தீர்மானமும் அதே வாரத்தில் அவர் மேசைக்கே வந்து சேர்ந்தது.

மிஸ்ஸுக்கு ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. வேறொருவராயிருந்தால் இரண்டிலும் ஒப்பமிட்டுவிட்டு வீட்டுத் தோட்டத்துக்கு என்ன கன்று வாங்கலாம் என்று யோசித்திருப்பார். மிஸ்ஸுக்கு அது முடியவில்லை. விளங்காத ஒன்றில் கடைசிக் கையெழுத்தைப் போடுவதா, போகிற போக்கில் ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடித்துவிட்டுப் போவதா என்று அவர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. பிறகு அவர் தமக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். பழனிமுத்துவைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்.

"இருங்க பழனிமுத்து. ஏன் மாத்தினீங்கண்டு ஒங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

"இல்லீங்க மிஸ். மாத்துனியான்னுதான் கேட்டாங்க. ஆமான்னேன்."

"சரி, நான் கேக்கிறேன். ஏன்?"

பழனிமுத்து நாற்காலியின் நுனிக்கு வந்தார். "மூட்டை உக்குவளையில இருந்து மாத்தளைக்கு வந்திருச்சுங்க. மூட்டை போற எடத்துக்குச் சீட்டும் போகணும்ல? சீட்டை அங்கயே விட்டுட்டு வந்தா அதுதானே மிஸ் தப்பு? லொறி வந்து எறக்குனதும் நானே ஒக்காந்து ஒவ்வொன்னா இழுத்து இந்தப் பக்கம் வச்சேன்."

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். களஞ்சியத்தில் அதுதான் சட்டம். கழுத்தில் சீட்டுக் கட்டாத மூட்டை வாசலைத் தாண்டக்கூடாது. மூட்டை ஓரிடம், சீட்டு ஓரிடம் என்று இருந்தால் அன்றைக்கு யாருக்கும் ப்ளேன்டீ இறங்காது. அந்தச் சட்டத்தைக் கணினியிலும் கைபிசகாமல் காப்பாற்றியதுதான் பழனிமுத்து செய்த குற்றம். அப்படியானால் கணினியில் என்ன வித்தியாசம் என்ற கேள்வி மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டது. பிடித்தால் அது இலேசில் விடாது.

தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளர் நப்லானும் ஏற்றுமதி ஆவணங்களைப் பார்க்கும் கிருஷாந்தினியும் அழைக்கப்பட்டார்கள். நப்லான் முதலில் வியாதியைச் சொன்னார். நாங்கள் வைத்திருப்பது ஃபைல் ஸ்டோரேஜ்: ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபைல். உள்ளே போகும் வழியே அந்த ஃபைலின் முகவரி. ஃபைலை வேறு ஃபோல்டருக்கு இழுத்தால் முகவரியும் மாறிவிடும். பொதியில் அச்சடித்த குறிக்கோ பழைய முகவரிதான் தெரியும்.

"அதனால எல்லாத்தையும் ஒப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்குக் கொண்டுபோவோம் மிஸ்" என்றார் நப்லான். "அங்க ஃபோல்டரே இல்ல. ஒவ்வொண்டுக்கும் ஒரு பேர், அதுதான் முகவரி; கூடவே நாங்க எழுதிக் கட்டுற சீட்டு. எவ்வளவு வந்து குவிஞ்சாலும் எடம் போதும்."

"எல்லாத்தையுமா?" கிருஷாந்தினிக்குக் குரல் ஏறியது. "லொறி ஏத்துற லோடிங் பிளான்ல விடிஞ்சதுல இருந்து நாலு பேர் கைவைக்கிறோம். அங்க தெறந்து ஒரு வரிய மட்டும் திருத்த ஏலுமா?"

"ஏலாது. கீழ எடுத்து, திருத்தி, முழுசா திரும்ப வைக்கணும்."

இருவரும் வாதாட ஆயத்தமானார்கள். மிஸ்ஸின் முகத்தில் புதிதாய் வாங்கிய பொருளைப் பிரித்துப் பார்க்கும் ஆவல்தான் தெரிந்தது. "சும்மா பேசாம வச்சுத்தான் பார்ப்போமே" என்றார்.

ஒரு பழைய லோடிங் பிளானை ஒப்ஜெக்ட் ஸ்டோரேஜில் வைத்தார்கள். மிஸ் ஒரு கணினியில், கிருஷாந்தினி மறு கணினியில். இருவரும் ஒரே நேரத்தில் கீழே எடுத்தார்கள். கிருஷாந்தினி லொறி புறப்படும் நேரத்தைத் திருத்தித் திரும்ப வைத்தார். பின்னர் மிஸ் சாரதியின் பெயரைத் திருத்தி வைத்தார். திறந்து பார்த்தால் சாரதி மாறியிருந்தார். நேரம் பழையபடியே நின்றது.

"அல்லாஹ்! நான் ஒங்கடத அழிச்சிட்டேனா?"

"அழியல்ல மிஸ்" என்றார் நப்லான். "பழைய பிரதியையும் வச்சிருக்கச் சொல்லியிருக்கேன், அது பின்னால இருக்கு. முன்னால நிக்கிறது கடைசியா வந்தது."

"லொறிக்காரர் முன்னால நிக்கிறதத்தானே பார்ப்பாரு?"

நப்லான் தலையைச் சொறிந்தார். கிருஷாந்தினி சிரித்தார். அடுத்த கேள்வி அவரை நோக்கிப் பாய்ந்தது: போன வருடத்து மிளகுக்கொடியின் படத்தை நீங்கள் எப்போதாவது திறந்து திருத்தியிருக்கிறீர்களா? அதையும் நாலு பேர் கைவைக்கும் இடத்திலேயே ஏன் வைத்திருக்கிறீர்கள்? கிருஷாந்தினியின் சிரிப்பு நின்றது. அடுத்து வந்த நாட்களில் மிஸ் ஒவ்வொரு பிரிவாகப் போய், ஒவ்வொரு வகை ஆவணத்தையும் காட்டி, ஒரே கேள்வியைக் கேட்டார்: "இது இன்னும் மாறுமா?"

மாறும் என்றால் ஃபைல் ஸ்டோரேஜ்: லோடிங் பிளான், பணிமுறை அட்டவணை, எழுதிக்கொண்டிருக்கும் ஒப்பந்தம். மாறாது என்றால் ஒப்ஜெக்ட் ஸ்டோரேஜ்: படம், பரிசோதனை அறிக்கை, ஒப்பமிட்ட சான்றிதழ். எது உசத்தி என்று கேட்டுக்கொண்டிருந்த எங்களை, எதற்கு எது என்று கேட்கவைத்தது அந்தக் கேள்விதான். சிற்றுண்டிச்சாலையில் வடை எடுக்கப் போனவரிடம்கூட "இது இன்னும் மாறுமா?" என்று நாங்கள் கேட்டுச் சிரித்த காலம் அது. மிஸ் அதையும் அறிவார்.

ஆனால் பழனிமுத்துவின் தலைக்குமேல் கத்தி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. மிஸ் அவரையே மறுபடி அழைத்தார். லக்கல மிளகுத் தொகுதி ஒன்றின் படங்கள் புதிய இடத்தில் இருந்தன. அதன் சீட்டில் இடம் என்ற கட்டத்தில் உக்குவளை என்றிருந்தது. மூட்டை மாத்தளைக்கு வந்துவிட்டதாக நினைத்து, களஞ்சியச் சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்யச் சொன்னார். பழனிமுத்து முதலில் நப்லானைத் திரும்பிப் பார்த்தார். ஒரு தடவை சுட்ட கை அல்லவா? உக்குவளையை அழித்து மாத்தளை என்று எழுதினார். நப்லான் அதற்கென்று அச்சடித்த புதிய குறியைக் கைபேசியால் பிடித்தார். நாங்கள் எல்லாரும் அந்தத் திரையை எட்டிப் பார்த்தோம்.

தோட்டம் வந்தது. கொடி வந்தது. காய்ந்த களம் வந்தது.

"அப்ப மூட்டை எங்க வேணும்னாலும் போகலாம்" என்றார் பழனிமுத்து மெல்ல. "சீட்டுல எடத்த மாத்துனா போதும். படம் எந்திரிச்சு நடக்காது."

மிஸ்ஸின் கண் கலங்கியதை அன்று பார்த்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். அவர் அங்கேயே தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பழைய குறிகளும் பேசும்படி நப்லான் அவற்றைப் புதிய முகவரிக்கு வழிதிருப்பி வைப்பார் என்றார். கொள்வனவாளரிடம் தாமே விளக்குவதாகச் சொன்னார். மறுமுனை விடவில்லை. தவறு நடந்திருக்கிறது, யாரையாவது நிறுத்தித்தானே ஆகவேண்டும் என்று அதட்டியது.

"நிப்பாட்டிட்டோம் சேர்" என்றார் மிஸ். "படங்கள ஃபோல்டர்ல வைக்கிறத நிப்பாட்டிட்டோம். பழனிமுத்து நாளைக்கும் களஞ்சியத்துக்கு வருவாரு."

அவர் வந்தார், இன்றும் வருகிறார். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு குனிந்த தலை நிமிராமல் இருப்பவர் அவர்தான்.

எங்கள் அன்புக்குரிய மிஸ்! மறுபடி உங்களிடமே திரும்பிவிட்டோம். இந்த மடலை எங்கே எழுதினோம் என்று கேட்பீர்கள். நாங்கள் எல்லாரும் கைவைக்கும் ஃபைல் ஸ்டோரேஜில்தான் எழுதினோம். கிருஷாந்தினி சேர்த்த அடைமொழிகளை நப்லான் வெட்டினார். வெட்டியதைக் கணக்குப் பிரிவு திரும்ப ஒட்டியது. பாறை வரியில் பெரிய சண்டையே நடந்தது. நேற்று மாலை வாசித்துப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக் கேட்டோம்: இது இன்னும் மாறுமா? உங்கள்மேல் எங்களுக்குள்ள அன்பைப் பற்றிய கேள்வியாகவே அது எங்களுக்குக் கேட்டது. மாறாது என்றோம். ஒப்பமிட்டோம். மாறாதவை இருக்கும் பக்கத்தில் வைத்துவிட்டோம்.

வல்ல இறைவன் உங்களுக்கு நோயற்ற உடலும் ஓயாத ஆவலும் தந்தருள்வானாக! காலையில் கண்விழிக்கும்போது கேட்பதற்குப் புதிதாய் ஒரு கேள்வியும், பதில் தெரியாமல் விழிக்கப் பக்கத்தில் ஓர் ஆளும் உங்களுக்கு என்றும் வாய்க்கட்டும்!

கண்ணாடிச் சட்டமிட்ட இந்த மடலின் மூலையிலும் ஒரு சதுரக் குறி இருக்கிறது. அதற்குரிய சீட்டைப் பழனிமுத்துதான் எழுதினார். இடம் என்ற கட்டத்தில் இன்றைக்கு மாத்தளை என்றிருக்கிறது. நாளை நீங்கள் உக்குவளையில் உங்கள் வீட்டுச் சுவரில் இதை மாட்டியதும், அவரே அதை உக்குவளை என்று மாற்றுவார். முகவரியில் ஓர் எழுத்தும் மாறாது. எந்த நாளில் நீங்கள் அந்தக் குறியைப் பிடித்தாலும், நாங்கள் அங்கேதான் இருப்போம்.

என்றும் உங்கள் "ஏன்?" என்ற குரலுக்குக் காது கொடுத்திருக்கும்,
மாத்தளை அலுவலக, உக்குவளைக் களஞ்சிய ஊழியர்கள்
(முதல் ஒப்பம்: பழனிமுத்து, களஞ்சியப் பொறுப்பாளர்)