ஆள் இல்லாதவர்களுக்கான இல்லம்

முதியோர் இல்லம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கழிப்பறையைப் பார்க்க வேண்டும். முன்னறையில் சாமி படமும் பிளாஸ்டிக் பூவும் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, தரை காய்ந்திருக்கிறதா, உள்ளே தாழ் போட்டுக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க முடியுமா என்று பார்த்தால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும். நான் ஏழு இல்லங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் எழுதினேன். அந்த நோட்டு இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது மேடம். எழுத்து புரியாவிட்டால் கேளுங்கள், படித்துச் சொல்கிறேன்.

என் பெயர் மாரப்பன். வயது அறுபத்து மூன்று. மலைமேல் குண்டனி நாட்டில் மூன்று ஏக்கர் காடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறேன், சரிவில் மரவள்ளி. மனைவி அத்தாயி என்னைவிட நான்கு வயது இளையவள். மகன் முரளி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மகள் சுகுணாவை நாமக்கல்லில் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

அத்தாயிக்கு மறதி வந்து நான்கு வருடம் ஆகிறது. முதலில் சாமைச் சோறு வடித்து இறக்கிவிட்டு மறுபடியும் உலை வைத்தாள். அப்புறம் ஆடுகளை அவிழ்த்துவிட்டுக் கட்டுத்தறியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சேலத்தில் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, "இது திரும்பாதுங்க. கூட இருக்கறவங்கதான் தைரியமா இருக்கணும்" என்றார். கூட இருக்கிறவன் நான் ஒருவன்தான்.

இரண்டு வருடத்தில் என்னை அவளுக்குத் தெரியாமல் போனது. மரியாதை மட்டும் மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் என்னைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க எந்தூருங்க? சாப்டீங்களா?" என்பாள். குளிக்க வைக்கப் போனால் யாரோ அந்நிய ஆண் தொடுகிறான் என்று கையைக் கடிப்பாள். அதில் தவறில்லை. அவள் இடத்தில் யார் இருந்தாலும் கடிப்பார்கள். கட்டு மாற்றிக்கொண்டு மறுபடி குளிக்க வைப்பேன். அவள் கையிலிருந்து என் காலுக்கு ஒரு கயிறு கட்டிக்கொண்டுதான் படுப்பேன். மிளகு பறிப்பு இரண்டு வருடம் தவறிப்போனது. நான் குறை சொல்லவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டீர்கள், சொல்கிறேன்.

போன தையில் அவள் காணாமல் போய், இரண்டு மைல் தள்ளி ஒரு பலா மரத்தடியில் கிடைத்தாள். அப்போதுதான் சுகுணா அவளை நாமக்கல்லுக்குக் கூட்டிப்போய், இடது முன்கையில் தன் போன் நம்பரைப் பச்சை குத்திவிட்டாள். அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டினால் பிய்த்துப் போட்டுவிடுகிறாள், வளையல் போட்டால் கழற்றிவிடுகிறாள், அதனால் அப்படிச் செய்தாள். அத்தாயி அந்தப் பத்து எண்களையும் விரலால் தடவித் தடவி, "இது என்ன கணக்குங்க?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகுதான் இல்லம் பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு அம்சவேணி பகலில் அவளைப் பார்த்துக்கொள்வாள். நான் முதல் பஸ்ஸில் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கிப் போய், பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்புவேன். ஓர் இடத்தில் எல்லாருக்கும் மொட்டை அடித்திருந்தார்கள். பேன் வராமலிருக்க என்றார்கள். ஓர் இடத்தில் நான்கு பேரைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். விழாமலிருக்க என்றார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. ஓரிடத்தில் ஃபினாயில் வாசனை தாங்க முடியவில்லை. அவ்வளவு ஃபினாயில் எதற்கு என்று யோசித்து, அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டேன்.

சுகுணா ஒரு நாள், "இல்லமெல்லாம் எதுக்குப்பா? அம்மாவ நான் வெச்சுக்கறேன். எங்க அத்தைகிட்டயும் பேசிட்டேன்" என்றாள். அவள் வீட்டையும் போய்ப் பார்த்தேன். குளியலறைக்கு ஒரு படி இறங்க வேண்டும். வாசலைத் தாண்டினால் லாரி போகிற ரோடு. அவளும் காலையில் ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போகிறவள். அதற்கும் ஒரு பக்கம் எழுதினேன். மகள் என்பதற்காகச் சலுகை காட்டக் கூடாது. "பாக்கலாம் சாமி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏழாவதாகப் பார்த்தது மலைக்குக் கிழக்கே, துறையூர்ப் பக்கம் இருக்கும் இல்லம். சுற்றிலும் வேம்பு. நடைபாதை வட்டமாக இருந்தது. நடக்கத் தோன்றுகிறவர்கள் நடந்துகொண்டே இருக்கலாம், எங்கே போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவார்கள். ஒரு பாட்டி கையில் துணி பொம்மையைப் பிடித்துக்கொண்டு, "எம் பையன் தூங்கறான்" என்று சொன்னாள். அங்கே வேலை பார்க்கிற பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். நோட்டில் அந்தப் பக்கத்தில் ஒரு குறைகூட இல்லை, பாருங்கள்.

பொறுப்பாளர் சிஸ்டர் பிரிசில்லா. நான் அத்தாயியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்ல யார் யாருங்கய்யா இருக்கீங்க?" என்றார். சொன்னேன்.

"மன்னிச்சுக்கோங்கய்யா. இங்க யாருமே இல்லாதவங்களத்தான் எடுத்துக்கறோம். ரோட்ல, பஸ் ஸ்டாண்டுல இருந்து வர்றவங்க. பேரு, ஊரு எதுவும் தெரியாதவங்க."

"ஆளு இருக்கறவங்க என்னங்க பண்றது?"

"அவங்களுக்குத்தான் ஆளு இருக்காங்களேய்யா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அத்தாயிக்கு என்னைத் தெரியாது. பிள்ளைகளைத் தெரியாது. தன் பெயரைக் கேட்டால் சில நாள் சொல்வாள், சில நாள் சிரிப்பாள். அவளைப் பொறுத்தவரை அவளுக்கு யாரும் இல்லை. காகிதத்தில் மட்டும்தான் நாங்கள் இருக்கிறோம். காகிதத்திலும், கையிலும்.

கையைப் பற்றி நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். முழுதாகச் சுடவில்லை. பத்து எண்ணில் கடைசி நான்கு போனால் போதும், மீதியை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. தேவைக்கு மேல் வலி கொடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தோசைத் திருப்பியை அடுப்பில் காய வைத்து, ஒரே முறை அழுத்தினேன். கத்தினாள். கொஞ்ச நேரத்தில் யார் செய்தது என்பதை மறந்துவிட்டு என்னிடமே வந்து கையை நீட்டி, "பாருங்க, யாரோ சுட்டுப்போட்டாங்க" என்றாள். நான்தான் மருந்து போட்டேன். இருபத்தைந்து நாள், ஒரு வேளை தவறாமல் போட்டேன். ஆறாத புண்ணோடு கொண்டுபோய் விட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள்.

அடுப்பில் கையை வைத்துவிட்டாள் என்று சுகுணாவிடம் சொன்னேன். போனில் அழுதாள். "ஆறட்டும்ப்பா, வர்ற மாசம் வந்து இன்னொரு கையில குத்திடறேன்" என்றாள். அதனால்தான் நான் நாள் கடத்தவில்லை.

பஸ்ஸில் போக முடியாது. கண்டக்டர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். கிழக்கே புளியஞ்சோலைக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதை இருக்கிறதல்லவா, சின்ன வயதில் அந்த வழியாகத்தான் அவளும் வீட்டாரும் பலாப்பழம் சுமந்து போவார்கள். என் போனை வீட்டில் வைத்துவிட்டு, விடிந்ததும் கிளம்பினோம். பாதி வழியில் அவளைத் தூக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். தேவைப்படவில்லை. அவள்தான் முன்னால் நடந்தாள். எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும், எங்கே வேரைப் பிடித்து இறங்க வேண்டும் என்று அவள் காலுக்குத் தெரிந்திருந்தது. ஓரிடத்தில் நின்று நெல்லிக்காய் பறித்து என்னிடம் நீட்டினாள். "தின்னுட்டுத் தண்ணி குடிங்க, இனிக்கும்" என்றாள். நான்கு வருடத்தில் அவ்வளவு நல்ல காலை எங்களுக்கு வாய்த்ததில்லை.

கீழே ஓடையில் அவளைக் குளிக்க வைத்தேன். அன்று கடிக்கவில்லை. முன்பே வேறு ஊரில் வாங்கி வைத்திருந்த சேலையைக் கட்டிவிட்டேன். தாலியை மட்டும் விடமாட்டேன் என்றாள். எதையும் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாதவள், அதை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கயிறு இத்துப் போச்சு கண்ணு, புதுக் கயித்துல கோத்துத் தாரேன்" என்றேன். உடனே கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். மிளகு டப்பாவில் இருந்து நீங்கள் எடுத்தீர்களே, அதுதான்.

அந்த இல்லத்துக்கு எதிரே ஒரு பஸ் நிறுத்தம். நிழலும் சிமெண்ட் பெஞ்சும் உண்டு. அதையும் முன்பே பார்த்து வைத்திருந்தேன். பதினொன்றரை மணிக்கு அவளை அங்கே உட்கார வைத்து, "இங்கயே இரு கண்ணு, வாரேன்" என்றேன். "செரிங்க" என்றாள்.

சற்றுத் தள்ளி இருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். அரை மணியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பது என் கணிப்பு. அது தவறிவிட்டது. நிழல் நகர்ந்து வெயில் அவள்மேல் வந்தது. பஸ் வந்து வந்து போனது. யாரோ ஒரு பெண் தண்ணீர் பாட்டில் நீட்டினாள், இவள் தலையாட்டி மறுத்துவிட்டாள். எழுந்து போய்விடுவாள், பின்னால் ஓட வேண்டியிருக்கும் என்று நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் எழவே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதவள், நான் சொன்னதை ஐந்து மணி நேரம் மறக்கவில்லை. நாலரை மணிக்கு சிஸ்டர் பிரிசில்லா கேட்டைத் திறந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசினார். பிறகு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து காணவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். முரளி லீவு போட்டு வந்தான். ஊர்க்காரர்கள் மூன்று நாள் காடெல்லாம் தேடினார்கள். அருவிப் பள்ளத்தில் முரளி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். கயிற்றின் மறுமுனையை நான்தான் பிடித்திருந்தேன். அவன் கீழேயிருந்து "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பையனுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று, நாமக்கல் பஸ்ஸில் அவள் ஏறியதை யாரோ பார்த்தார்களாம் என்று சொன்னேன். அதன் பிறகு அவன் நாமக்கல், ராசிபுரம், சேலம் என்று போட்டோ ஒட்டிக்கொண்டு திரிந்தான். வேலை போய்விட்டது. மேற்கே எங்கேயும் அவள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அருவியைவிட ரோடு பரவாயில்லை.

நாற்பதாம் நாள் எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது, போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மூட்டை அன்னாசிப்பழம் எடுத்துக்கொண்டு போனேன். சிஸ்டருக்கு என்னை ஞாபகம் இருந்தது. "அம்மா எப்படி இருக்காங்கய்யா?" என்று கேட்டார்.

"வேற எடத்துல சேத்துட்டனுங்க. நல்லா இருக்கா."

வருகைப் பதிவேட்டில் பெயரும் ஊரும் எழுதச் சொன்னார். எழுதினேன். பொய்ப் பெயர் எழுத எனக்குத் தோன்றவில்லை.

அத்தாயி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். முடி சீவிப் பின்னியிருந்தார்கள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். யாரோ ஒருவரைப் பார்த்து எழுகிற மாதிரி இல்லை. சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு வந்து, "வந்துட்டீங்களா? ஊட்டுக்குப் போலாங்களா?" என்றாள்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களாய்யா?"

"இல்லீங்க" என்றேன்.

அத்தாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிஸ்டரிடம் திரும்பி, மெதுவாக, "ஆளு மாறிப் போச்சுங்க. எங்க ஊட்டுக்காரராட்டம் இருந்துச்சு" என்றாள். என்னிடம், "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதுவரை அவள் அங்கே வீட்டுக்காரர் என்ற வார்த்தையையே சொன்னதில்லையாம். ஆறு எண்ணோடு நின்றுபோயிருந்த பச்சையும் அதை ஒட்டிய தழும்பும் சிஸ்டருக்கு முதல் நாளிலிருந்தே உறுத்தியிருக்கிறது. நான் போனதும் பதிவேட்டைப் பார்த்திருக்கிறார். மற்றது உங்களுக்கே தெரியும். நான்கு நாளில் நீங்கள் வந்தீர்கள். நான் ஒளியவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முரளி என்னிடம் பேசுவதில்லை. சுகுணா அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அத்தாயி அங்கே யார் வந்தாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லையாம், சோறும் சரியாக இறங்குவதில்லையாம். மகளுக்குக் கோபம், அவசரப்பட்டுவிட்டாள்.

அன்று அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். தெரிந்துதான் இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு வருடமாக என்னைத் தெரியாமலிருந்தவளுக்கு நாற்பதே நாளில் என்னைத் தெரிந்தது. அப்படியானால் நான் அவளுக்குப் பார்த்துக் கொடுத்த இடம் எவ்வளவு நல்ல இடம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள் மேடம்.