செயலாளர் கூட்டுவார்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, நம்மை விட்டுப் போன செயலாளர் அக்காவின் வீட்டாரே, சலவைப் பிரிவில் என்னோடு வேகும் தோழர்களே, வணக்கம்.

எனக்கு இஸ்திரி போடத் தெரியும், பேசத் தெரியாது. இணைச் செயலாளர் என்பதால் மேடையேற்றிவிட்டார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

“பொதுக்குழுவைச் செயலாளர் கூட்டுவார்” என்கிறது நம் சங்க விதி. கூட்டுவார் என்றால் என்ன? பலகையில் தாள் ஒட்டுவதா? நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அக்கா அறுபத்தொரு பேரையும் நேரில் பார்த்துச் சொல்வார், சொன்னதற்கு ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குவார். கொதிகலன் அறைக்கும் போவார், பிரசவ விடுப்பில் இருப்பவர் வீட்டுக்கும் போவார். ‘நோட்டீஸ் அக்கா’ என்று நாம் கேலி செய்யாத நாள் உண்டா? சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவாரே!

மூன்று வருடம் முன்பு அவர் விடுப்பில் இருந்தபோது, விடுமுறைப் பட்டியலை மாற்ற நான் கூட்டம் போட்டேன். உலர்த்தும் அறையில் வேலை பார்க்கும் என் மச்சானிடம், அதாவது என் மனைவியின் அண்ணனிடம், வேண்டுமென்றே சொல்லவில்லை. வந்தால் மல்லுக்கு நிற்பாரே என்ற பயம்தான். தீர்மானம் ஒரே மூச்சில் நிறைவேறியது. மறுநாள் அக்கா வந்தார்.

“மச்சான்கிட்ட சொன்னியா?”

“விடுங்கக்கா, அவர் ஒருத்தர்தானே. அம்பது பேர் வந்தாங்க!”

“புடிச்சவங்களை மட்டும் கூப்பிட்டா அது வீட்டு விசேஷம்டா தம்பி. கூட்டம் இல்ல.”

தீர்மானம் செல்லாது என்று அறிவித்து, மறுபடி கூட்டினார். மச்சான் வந்தார், மல்லுக்கு நின்றார், தோற்றார். அதே தீர்மானம்தான். “அப்ப எதுக்குக்கா இவ்வளவு அலைச்சல்?” என்று எரிந்து விழுந்தேன். “தோத்தாலும் அந்தப் பட்டியல்படி ஒழுங்கா வேலைக்கு வர்றாரா இல்லையா, பாரு” என்றார். உண்மை, வந்தார். என்னோடு பேசுவதை மட்டும் அன்றோடு நிறுத்திவிட்டார்.

இந்தச் சனிக்கிழமை பொதுக்குழு. மதிய ஷிஃப்ட்டை எடுத்துவிடலாமா என்று நிர்வாகம் கேட்கிறது. இருபது பேரின் பிழைப்பு! அக்கா இறப்பதற்கு முந்தின நாள்வரை அலைந்து அறுபது கையெழுத்து வாங்கியிருக்கிறார். நேற்று அவருடைய மகள் அந்த நோட்டை என்னிடம் தந்தார். மச்சான் பெயருக்கு நேரே கையெழுத்து இல்லை. “தம்பி போய்ச் சொல்லணும்” என்று பென்சிலில் எழுதியிருக்கிறது.

பாவி மனுஷி! நேரில் சொல்லியிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேனே! இப்போது யாரிடம் போய்ச் சாக்குச் சொல்வேன்?

தோழர்களே, இனி ஒருவரை விட்டுவிட்டு இந்தச் சங்கத்தில் கூட்டம் நடக்காது. அக்கா மேல் ஆணை. கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

மச்சான், சனிக்கிழமை மூணு மணிக்கு, துணி மடிக்கிற கூடத்துல கூட்டம். என்னைத் திட்டணும்னாலும் வந்து திட்டுங்க. எந்திரிக்காதீங்க, உக்காருங்க. நோட்டை எடுத்துக்கிட்டு நானே இறங்கி வர்றேன்.