ரெண்டும் சேர்ந்த படிப்பு

டீ நன்றாக இருக்கிறது மேடம், சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எங்கள் ஏரிக்கரையில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன். அதற்காக என்னைக் கோள்மூட்டி என்பார்கள். விசாரிக்க ஆளில்லாத ஊரும் ஊரா?

பக்கத்து வீட்டு ஜமுனா என் அண்ணன் மகள். அவள் பிறந்த அன்றே என் மகன் பூவரசனுக்கு என்று பேசி வைத்தோம். பன்னிரண்டாவது முடித்ததும் சென்னைக்குப் படிக்கப் போனாள். இன்னாடி படிப்பு என்று கேட்டேன்.

"பயாலஜி அத்தை. உசுருங்களப் பத்தி. பி.எஸ்சி., எம்.எஸ்சி. ரெண்டும் சேர்ந்த படிப்பு."

"அதுக்கு காலேஜ் எதுக்குடி? என் வாசல்ல ஒரு வாரம் உக்காரு, இந்தத் தெரு உசுருங்க எல்லாத்தையும் சொல்லித் தரேன்."

தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அந்த 'சேர்ந்த'தான் என்னை மாட்டிவிட்டது. பொன்னேரியில் படித்தவர்கள் எல்லாரும் மூன்று வருஷத்தில் டிகிரியோடு வந்தார்கள். சேர்ந்தது என்றால் அதே மூன்றில் ரெண்டும் முடிந்துவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மூன்றாம் வருஷ வைகாசியில் கல்யாணம் என்று அனுப்பம்பட்டு வரைக்கும் சொல்லிவிட்டேன்.

வைகாசி வந்தது, பெண் வரவில்லை. மொத்தம் ஐந்து வருஷமாம். நடுவில் விட்டால் பி.எஸ்சி. மட்டும் கொடுப்பார்களாம். கூடப் படித்த ஒருத்தி அப்படி வந்து, கல்யாணமாகி, குழந்தையும் பெற்றுவிட்டாள். அதையும் விசாரித்தேன். ஜமுனாவுக்கு மனசு வரவில்லை. எல்லார் வீட்டு அடுப்பையும் எட்டிப் பார்த்தவள் நான்; இப்போது எல்லாரும் என் அடுப்பை எட்டிப் பார்த்தார்கள். "இன்னா, மருமவ வந்தாளா" என்று கேட்காத வாய் இல்லை. குழாயடிக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். பூவரசனோ, அவள் படிக்கட்டும், தனக்கு வேறு பெண் பார் என்றான். மனசு உடைந்து சொல்கிறான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

கடைசி வருஷத்துக்கு ஓர் ஆராய்ச்சி. ஏரிச் சேற்றுப் புழுக்களை எடுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் ரெண்டு பட்டமும் கையில், பிறகு வெளிநாடு. தை மாதம் தினமும் ஏரியில் இறங்கினாள். அங்கே நடக்கிற தரையும் ஆளை இழுக்கிற சேறும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால் வழி நெடுகக் கழி நட்டிருப்போம். கழியை நம்பித்தான் கால் வைப்போம். அன்று காலையில் அவளுக்கு முன்னால் போய்ச் சில கழிகளைப் பிடுங்கிச் சேற்றுப் பக்கமாகத் தள்ளி நட்டேன். கொஞ்சம் இறங்கட்டும், பயந்து படிப்பை விடட்டும் என்றுதான்.

இடுப்பு வரை இறங்கிவிட்டாள். நான் கூப்பிடு தூரத்தில் இறால் தடவிக்கொண்டிருந்தேன். முதலில் சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். "அத்தை, கால் மாட்டிக்கிச்சு, ஒரு கை குடு."

நாங்கள் கையால் இறால் பிடிக்கிறவர்கள் மேடம். ரெண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும், பிடித்ததைப் போடுகிற பறி பல்லில் இருக்கும். வாயைத் திறந்தால் பறி போய்விடும். அதனால் பதில் சொல்லவில்லை.

கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கழுத்துக்கு வந்தபோது சொன்னாள்.

"அத்தை, படிப்பு வேணாம். மாமாவையே கட்டிக்கிறேன். வா அத்தை."

இத்தனை வருஷமும் நான் காத்திருந்தது அந்தப் பேச்சுக்குத்தான். இன்னொரு தரம் சொல்லட்டும் என்று நின்றேன். ஒரு தரம்தான் கேட்டேன் என்றால் எங்கள் தெருவில் யார் நம்புவார்கள்?

அவள் மறுபடி சொல்லவில்லை.

கழியை மாற்றி நட்டதும் நான்தான், கையைக் கொடுக்காமல் நின்றதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெண் சம்மதம் சொல்லிவிட்டுத்தான் போனாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் மேடம். போலீஸ் எழுதினால் தெரு நம்பும்.